பின்னால் நடக்க வேண்டியவள்

அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது நான்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் நல்ல மழை. வராந்தாவில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அவள் தாண்டிக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்ற வளர்த்தி, குச்சிக் கால்கள், கழுத்தை முன்னே நீட்டிய நடை. என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, "கொக்குக்குப் பொறுமை ஜாஸ்தி, உனக்குத்தான் ஆபத்து" என்றாள். மறுநாளிலிருந்து வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கை எங்களுக்கு.

அவள் அம்மா அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். அப்பா இல்லை. மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும்தான் வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். நான் முதல் தடவை போனபோது, "வியூ எப்படி?" என்று அந்தச் சுவரைக் காட்டிக் கேட்டாள். அதில் ஈரம் படிந்து உண்டான கறைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். ஒன்று ஒட்டகம், ஒன்று கணக்கு வாத்தியார். கடலிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் வளர்ந்தவள், பத்தொன்பது வயதுவரை மொத்தம் இரண்டு தடவைதான் கடலைப் பார்த்திருந்தாள்.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் அறுபது மணி நேரம் சமூகப்பணி செய்ய வேண்டும் என்று கல்லூரியில் விதி. செய்யாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நூலகத்தில் தூசு தட்டலாம், மருத்துவமனையில் வழி சொல்லலாம், இல்லையென்றால் கடலோரப் பறவைக் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டலாம். காற்றாவது வரும் என்று நான் காப்பகத்தை எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதால் அவளும் எழுதினாள். அவளை அங்கே கூட்டிப்போனது நான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு கடலில் சேரும் இடம் அது. ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கடல் வற்றும்போது சேறு மட்டும் பளபளவென்று கிடக்கும். ஏறும்போது அதே இடத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும். நடுவே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான கம்பங்களின் மேல் ஒரு மரப்பாதை, இருவர் ஒட்டி நடக்கும் அகலத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். பாதி தூரத்துக்குமேல் கைப்பிடி கிடையாது. பாதையின் முடிவில் பறவை பார்க்க ஒரு குடில். நடுவழியில் ஒரு சிவப்புப் பெட்டி. யாராவது விழுந்தால் இழுக்க அதில் கயிறும் மிதவை வளையமும் இருக்க வேண்டும்.

ஒரு குழுவுக்குப் பதினான்கு பேர், இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் முன்னே நடந்து பேச வேண்டும். மற்றவர் கடைசியில் நடந்து தலை எண்ண வேண்டும், யாரும் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும், இறங்கினால் விசில் அடிக்க வேண்டும். கொக்குதான் எப்போதும் முன்னே. நான் பின்னே. பேசும் வேலை அவளுக்கு அப்படிப் பொருந்திப் போயிற்று. வகுப்பில் கேள்வி கேட்டால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் பெண், அங்கே முப்பது அடி தள்ளி நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். ஒரு கை மட்டும் பெருத்த நண்டைக் குழந்தைகளுக்குக் காட்டி, "இவனுக்குக் குத்துச்சண்டை போட ஆசை, ஆனா ஒரு கைக்குத்தான் உறை கிடைச்சது" என்பாள். அலுவலகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தே தொண்ணூறு பறவைகளைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள். எங்களுடைய அறுபது மணி நேரம் முடிய இன்னும் இருபது இருக்கும்போதே, முடிந்த பிறகும் வரலாமா என்று காப்பக அதிகாரியிடம் கேட்டு வைத்திருந்தாள்.

எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணி பஸ் கசந்தது. மூன்று தடவை நான் போகவில்லை. மூன்று தடவையும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக அவளே என் கையெழுத்தைப் போட்டாள். அவள் ஒரு தடவைகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான்காவது தடவை, அந்த ஞாயிற்றுக்கிழமை, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே போனில் சொன்னேன்: "எனக்கும் சேர்த்துப் போட்டுடு." "சரி, தூங்கு" என்றாள். எனக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. தூக்கம்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். வளையமும் இல்லை, கயிறும் இல்லை. புதிய டிக்கெட் கவுண்டர் திறப்பு விழாவுக்குக் கூடாரம் கட்டக் கயிற்றை எடுத்துப் போயிருந்தார்கள். ஸ்டோர் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னோம். வந்துவிடும் என்றார். பெட்டி வெயில் படாத இடத்தில் இருந்ததால் எங்கள் தண்ணீர் பாட்டில்களை அதற்குள் வைத்தோம். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன், இருவரும் சிரித்தோம்.

அந்த ஞாயிறு நடந்ததைக் கொக்கு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள், ஒரே தடவைதான் சொன்னாள்.

பதினான்கு பேரில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் வந்திருந்தார். மகளுக்குப் பறவை பார்க்கும் ஆர்வம். அதைப் பார்த்துக் கொக்கு, காப்பகத்தின் பைனாகுலரை எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். "பத்திரமா வெச்சுக்கோ, எங்ககிட்ட இருக்கிறதிலேயே நல்லது இதுதான்" என்றாள். பிறகு முன்னே போய்விட்டாள். குடிலுக்குப் பக்கத்தில் பூநாரைகள் இறங்கியிருந்தன. பறந்துவிடுவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள். பின்னால் எண்ணுவதற்கு யாரும் இல்லை.

கடைசியாக வந்துகொண்டிருந்த அந்தக் குடும்பம் பெட்டியைத் தாண்டியதும், குழந்தை குனிந்து நண்டைப் பார்த்தது. பைனாகுலர் கழன்று சேற்றில் விழுந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. குழந்தை அழ ஆரம்பித்தது. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கம்பத்தைப் பிடித்தபடி இறங்கினார். இறங்கக் கூடாது என்று வாசலிலேயே கொக்கு எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். ஆனாலும் அடுத்தவர் பொருளைத் தொலைத்தோம் என்று ஆகிவிடக் கூடாதே என்று நினைக்கிற மனிதர் அவர்.

சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது தொடை வரை இறங்கியிருந்தார். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லைம்மா, இதோ வந்துடறேன்" என்றார். ஒரு காலை உருவ முயன்றால் மற்றக் கால் இன்னும் ஆழமாகப் போயிற்று. மல்லாந்து படுங்கள், அசையாதீர்கள் என்று அவள் கத்தினாள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் நடந்த பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. படுக்க மாட்டேன் என்றார்.

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். காப்பகத்துப் படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அக்கரையிலிருந்து மீன்பிடிப் படகை வரவழைக்கிறோம் என்றார்கள். கடல் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பார்வையாளர்கள் ஷால்களையும் பெல்ட்டுகளையும் முடிச்சுப் போட்டு வீசினார்கள். அவர் பிடித்தார். இழுத்தார்கள். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அவிழ்ந்தது. இரண்டு ஆண்கள் குடிலில் இருந்த பெஞ்சை உடைத்துப் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். கொக்கு அவற்றைச் சேற்றில் போட்டுக் குப்புறப் படுத்தபடி அவரிடம் போனாள். கையால் தோண்டினாள். தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடியது. அவள் நகங்கள் நான்கு பிய்ந்தன.

அங்கே கடல் அலையடித்துக்கொண்டு வராது. சத்தமில்லாமல் பரவும். அவர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. குழந்தையை யாரோ ஒரு அம்மா குடிலுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி பாதையில் முழங்காலிட்டுக் கணவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பலகை மிதக்கத் தொடங்கியபோது, "நீ ஏறிக்கோம்மா" என்றார் அவர். கொக்கு ஏறவில்லை. அவர் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பின்னாலிருந்து இரண்டு பேர் அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"அவர் விட்டாரா, நான் உருவிக்கிட்டேனா, எனக்குத் தெரியலைடி" என்று சொன்னாள். "யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். தெரியலை."

படகு வந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அன்று மத்தியானம் நான் எழுந்து தலைக்குக் குளித்து, விடுதிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன். பிறகுதான் போன் வந்தது.

செவ்வாய்க்கிழமை காப்பக அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வெயிலுக்கு எங்களுக்குத் தொப்பி வாங்கித் தந்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அன்று கண்களெல்லாம் சிவந்து, மூன்று நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு பக்கம் இருந்தது. படிக்கச் சொன்னார். பார்வையாளர் எச்சரிக்கையை மீறி இறங்கினார். மீட்புக் கயிறு வீசப்பட்டது, எட்டவில்லை. முதல் வழிகாட்டி அவர் அருகிலேயே இருந்தார். இரண்டாவது வழிகாட்டி உதவி கேட்டு வாசலுக்கு ஓடினார். அந்த இரண்டாவது வழிகாட்டி நான்.

நான் அன்றைக்கு வரவே இல்லை என்றேன்.

"பதிவேட்டுல கையெழுத்து இருக்கேம்மா" என்றார். "வரலைன்னு எழுதினா, யார் போட்ட கையெழுத்துன்னு கேப்பாங்க. உன் ஃப்ரெண்டு மாட்டுவா. போனவர் போயிட்டார். இருக்கிறவங்களையாவது பார்க்க வேண்டாமா?"

கையெழுத்துப் போட்டேன். அவளைக் காப்பாற்றத்தான் போடுகிறேன் என்று பேனாவை எடுக்கும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தக் காகிதம் அவளுக்கும் நல்லதுதான். அதன்படி அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எனக்குள் இருந்தது அவளைப் பற்றிய கவலை இல்லை. தூங்கினேன் என்று யாரிடமும் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதிதான். பார்வையாளர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள், போய்விட்டார்கள். மீதிப் பேர் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அன்று பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தவள் கொக்கு மட்டும்தான்.

அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டு கையிலும் கட்டு இருந்ததால் பிறகு போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வந்த முதல் நாள், வராந்தாவில் என்னைப் பார்த்தாள்.

"நீ வாசலுக்கு ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வந்தியாமே" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்திருந்தாள். நான் பைக்குள் எதையோ தேடினேன். "சரி, மணி அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

பதினோராம் நாள் மெக்கானிக்கின் மனைவி கல்லூரிக்கு வந்தார். காவலாளி வகுப்பு வாசலில் வந்து கொக்கைக் கூப்பிட்டார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் போய்த் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தம்மா சத்தம் போடவில்லை. கையில் அந்த அறிக்கையின் நகல் இருந்தது. தன் மகள் இதைப் படிக்கிற வயசுக்கு வருவாள், அப்பா சொல்பேச்சுக் கேட்காமல் செத்துப்போனார் என்றுதான் அவளுக்குத் தெரியவரும், தன்னால்தான் இறங்கினார் என்று நினைத்து அவள் இப்போதே யாரோடும் பேசுவதில்லை என்றார். பிறகு கேட்டார்.

"கயிறு எட்டலைன்னு எழுதியிருக்கு. நான் அங்கதான் இருந்தேன். கயிறைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. இருந்துச்சா, இல்லையா?"

"இல்லைக்கா. பெட்டி காலி" என்றாள் கொக்கு. "பின்னாடி ஒரு ஆள் நடந்திருக்கணும். அதுவும் இல்லை. நான் முன்னாடி பறவை காட்டப் போயிட்டேன். அவர் இறங்கினதை நான் பார்க்கலை. பத்திரமா வெச்சுக்கோன்னு பாப்பாகிட்டச் சொன்னதும் நான்தான்."

அந்தம்மா நன்றி சொல்லவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. அவள் கைக்கட்டைப் பார்த்தார். "இதைச் சொல்ல உனக்குப் பதினோரு நாள் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் கொடுத்த மனுவின்பேரில் மறுவிசாரணை வந்தது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், சுவரோரம் நாற்காலிகளில் நாங்கள். கொக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பதிவேட்டைக் காட்டிக் கேட்டபோது, அந்தக் கையெழுத்தைப் போட்டது தான்தான் என்றாள். அப்படியானால் நீங்கள் பொய்க் கையெழுத்துப் போடுகிறவர், மற்றதை மட்டும் எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டார். இரண்டாவது வழிகாட்டி அன்று ஏன் வரவில்லை என்று அடுத்தவர் கேட்டார்.

"அதை அவகிட்டதான் கேக்கணும், சார்" என்றாள்.

என்னைக் கேட்டார்கள். நான் வரவில்லை, தூங்கினேன் என்றேன். பெட்டி முந்தைய வாரமே காலியாக இருந்தது, இருவரும் போய்ச் சொன்னோம் என்றேன். நல்ல மனசு வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் முதலில் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காப்பக அதிகாரியை மாற்றினார்கள். அறிக்கையில் கயிறு பற்றிய வரியைத் திருத்தினார்கள். மரப்பாதை முழுக்க இப்போது கைப்பிடி உண்டு. மாணவர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் ஒரு குரல் பறவைகளைப் பற்றிச் சொல்கிறது.

பொய் வருகைப்பதிவுக்காகக் கல்லூரி எங்கள் இருவரையும் ஒரு பருவம் நீக்கியது. என் அப்பா ஊரிலிருந்து வந்தார். முதல்வரைத் தெரிந்த ஒருவரை அவருக்குத் தெரியும். எனக்கு நீக்கம் போய், மன்னிப்புக் கடிதம் என்று ஆயிற்று. அவளுக்காகவும் பேசச் சொல்லி நான் அப்பாவிடம் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் அவரை வழியனுப்பும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

நீக்கம் முடிந்த பிறகும் அவள் திரும்பவில்லை. அம்மாவோடு சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

படித்து முடித்து, வேலைக்குப் போய் ஒரு வருடம் கழித்துத்தான் அவளைப் பார்க்கப் போனேன். மருத்துவமனையின் பின்புறம், தகரக் கூரை போட்ட நீண்ட கூடம். ராட்சத இயந்திரங்களின் இரைச்சலில் யார் பேசுவதும் கேட்காது. வெளுத்த படுக்கை விரிப்புகளை அவளும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. கட்டு முழுவதையும் மடித்து முடித்த பிறகு வெளியே வந்தாள். இரண்டு விரல்களில் நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெந்நீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் தன்னைப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும், மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டதாகவும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன வேலை, எவ்வளவு தூரம் போகிறேன் என்றெல்லாம் கேட்டாள். சிரிக்க வைக்கலாம் என்று, கணக்கு வாத்தியார் கறை இன்னும் சுவரில் இருக்கிறாரா என்றேன். சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்றாள்.

அதற்குப் பிறகும் மூன்று நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போவேன். பழம் வாங்கிப் போவேன். வேறு எதையாவது பேசிவிட்டு வருவேன். கடைசியாகப் போனபோது ஒருவழியாக ஆரம்பித்தேன். அன்றைக்கு மட்டும் நான் வந்திருந்தால் என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"வந்திருந்தா விசில் அடிச்சிருப்பே. அவர் ஏறியிருப்பார். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பறவையின் பெயரைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "என்மேல இருக்கிறதை நான் சுமந்துக்கறேன். உன்னோடதை இறக்கி வைக்க இங்க வராதே. நீ வந்துட்டுப் போனா எனக்கு நாலு நாளைக்கு வேலை ஓடலை."

நான் தலையை ஆட்டினேன். உள்ளே இயந்திரம் ஒன்று நின்று, இன்னொன்று ஓடத் தொடங்கியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "போறேன்" என்று போய்விட்டாள்.

அவள் அம்மா கேட் வரை என்னோடு வந்தார். நான் கொண்டுவந்திருந்த பழப்பையைத் திருப்பித் தரவும் மனமில்லாமல், உள்ளே கொண்டுபோகவும் மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். என் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கையைக் காட்டிச் சொன்னார். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் முழுக்கக் கேட்டுக்கொண்டு, சரிம்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன்.